மூன்றும் ஒன்றான மைக்ரோவேவ் ஓவன்: வாங்குமுன், வாங்கியபின்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாமனார், மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர். மைக்ரோவேவ், கிரில், கன்வெக்‌ஷன் மூன்றும் சேர்ந்த ஓவன் வாங்க ஆசை. கணவர் ஓ.டி.ஜி. (கம்பிச் சூட்டில் மட்டும் சுடும் ஓவன்) போதும் என்கிறார். எதை வாங்கலாம், எத்தனை லிட்டர், மீனும் கேக்கும் அதில் உருப்படியாக வருமா?

பதில்:

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. கேக், பிஸ்கட், பன் மட்டும்தான் நோக்கம் என்றால் ஓ.டி.ஜி.யே போதும். விலை குறைவு, மேலும் கீழும் கம்பி சூடாவதால் பண்டத்தின் அடிப்பக்கமும் நன்றாகச் சிவக்கும். பழையதைச் சூடு பண்ண மட்டும் என்றால் சாதாரண சோலோ மைக்ரோவேவ் போதும். மூன்றும் சேர்ந்த ஓவனுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் ஒரே ஒரு பட்டனுக்குத்தான்: காம்பி. மைக்ரோவேவ் உள்ளே வேகவைக்க, சூடான காற்றோ கிரில்லோ வெளியே சிவக்கவைக்க, இரண்டும் ஒரே சமையலில் நடக்கும். நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை. காபி சுடவைப்பதோடு சரி. வாரத்தில் ஒரு நாளாவது மீன், கோழி, உருளைக்கிழங்கு என்று அதில் வைப்பீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் சின்ன சோலோ ஒன்றும் ஓ.டி.ஜி. ஒன்றும் தனித்தனியாக வாங்குவது லாபம். ஒன்று பழுதானால் மற்றது ஓடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் சமையல் குறிப்பு பாதி தேவைப்படாது. மைக்ரோவேவ் என்பது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை. உணவில் உள்ள ஈரத்தை அது அசைத்துச் சூடாக்குகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் அதன் வேலை, அதற்கு உள்ளே இருப்பது பக்கத்துச் சூட்டில் வேகிறது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சிவக்க அதைவிட நல்ல சூடும் காய்ந்த மேற்பரப்பும் வேண்டும். மைக்ரோவேவில் வைத்த கோழி வெளுத்துப்போய் வருவது அதனால்தான். கன்வெக்‌ஷன் என்பது பின்பக்கம் ஒரு ஹீட்டரும் விசிறியும். விசிறி சூடான காற்றைச் சுற்றவிடும். கிரில் என்பது மேலே இருக்கும் கம்பி, அது நேராகக் கருக்கும். காம்பியில் பெரும்பாலான ஓவன்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகின்றன. மொத்த மின்சாரம் பிளக் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாதல்லவா?

பிளக் என்றதும் முதல் விஷயம் அதுதான். லிட்டரையும் பிராண்டையும் பார்க்குமுன் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பாருங்கள். கன்வெக்‌ஷன் ஓடும்போது 2,200 முதல் 2,500 வாட் வரை இழுக்கும், அதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பத்து, பதினோரு ஆம்பியர். மிக்ஸி செருகும் 6 ஆம்ப் சாக்கெட்டில் இதைச் செருகவே கூடாது. 16 ஆம்ப் பவர் பிளக், சரியான எர்த், தனி லைன் மூன்றும் வேண்டும். வாடகை வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு பவர் பாயின்ட்தான் இருக்கும், அதிலும் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ உட்கார்ந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு லைன் இழுத்துக்கொள்வதுதான் சரி. வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரிலும் ஓட்ட முடியாது. வெறும் மைக்ரோவேவே 1,400 வாட் போல இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

வைக்கும் இடம் அடுத்தது. நம் வீடுகளில் கடப்பா கல் ஷெல்ஃப் உயரம் குறைவாக இருக்கும். அதற்குள் இடித்துத் தள்ளி வைத்தால் சூடு போக வழியில்லாமல் ஓவன் நடுவில் நின்றுவிடும். பின்னால் ஒரு சாண், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றாதீர்கள்.

எத்தனை லிட்டர்? ஐந்து பேர் என்றால் 28 லிட்டருக்குக் குறையாதீர்கள். ஆனால் லிட்டர் கணக்கைவிட உள்ளே சுற்றும் கண்ணாடித் தட்டின் விட்டம் முக்கியம். 28 லிட்டரில் அது ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு கிலோ கோழி தாராளமாக உட்காரும், இரண்டு சங்கரா பக்கத்தில் பக்கத்தில் படுக்கும். முக்கால் கிலோ கொடுவாவை முழுசாக வைத்தால் வால் சுவரில் இடித்துத் தட்டு சுற்றாமல் நின்றுவிடும், ஒரு பக்கம் தீய்ந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் கேக் டின்னையும் நீங்கள் வழக்கமாகப் பரிமாறும் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். உள்ளே வைத்துக் கையால் தட்டைச் சுற்றிப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு: உப்புக்காற்று. கடலூர் முதுநகரானாலும் குருசுக்குப்பமானாலும் இரும்பு என்றால் துரு. ஓவன் உள்சுவர் மூன்று விதமாக வரும்: பெயின்ட் அடித்தது, பீங்கான் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயின்ட் ஒரு இடத்தில் உரிந்தால் போதும், அங்கே துரு கிளம்பும், நாளடைவில் பொறி பறக்கும். கன்வெக்‌ஷன் சூட்டுக்கு ஸ்டீல்தான் என் தேர்வு. பீங்கான் பூச்சு துடைக்கச் சுலபம், ஆனால் கம்பி ஸ்டாண்டு இடித்துச் சில்லு பெயர்ந்தால் அதோடு போயிற்று. வெளிப்பக்கம் பின்னால் இருக்கும் தகட்டையும் தடவிப் பாருங்கள், மெல்லிய தகடாக இருந்தால் முதலில் அதுதான் போகும்.

மற்றபடி நூற்றுக்கணக்கான ஆட்டோ மெனு என்று விளம்பரம் செய்வதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். தோசை மாவு புளிக்க 40 டிகிரி வசதி என்பார்கள். இந்த ஊரில் மாவை வெளியே வைத்தால் தானே பொங்கி வழிகிறது, அதற்கு மின்சாரம் வேறா? ஐப்பசி, கார்த்திகை மழையில் தயிர் தோய வேண்டுமானால் உதவும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியவை வேறு: மைக்ரோவேவ் வெளியீடு 900 வாட், கன்வெக்‌ஷன் 200 டிகிரிக்குக் குறையாமல் (220 இருந்தால் இன்னும் நல்லது), உயரக் கம்பி ஸ்டாண்டு, குட்டைக் கம்பி ஸ்டாண்டு இரண்டும் பெட்டியில் உள்ளனவா, மேக்னெட்ரானுக்கு (அலையை உண்டாக்கும் பாகம்) தனி வாரன்டி எத்தனை வருடம், சர்வீஸ் ஆள் புதுச்சேரியிலேயே இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே பிராண்டை முடிவு செய்யலாம். ஒரு காலத்தில் கடலூர்க்காரர்கள் வரி குறைவு என்று இந்த மாதிரி சாமான்களைப் புதுச்சேரியில் வந்து வாங்கிப் போவார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே பேரம் பேசுங்கள்.

இனி பாத்திரம். தமிழ் வீட்டில் மைக்ரோவேவ் தூங்கிப்போவதற்கு முதல் காரணம் இதுதான், நம்மிடம் இருப்பதெல்லாம் எவர்சில்வர். சாம்பாரை எவர்சில்வரிலிருந்து கண்ணாடிக்கு மாற்றி, சுடவைத்து, மறுபடி எவர்சில்வருக்கு மாற்றி, இரண்டையும் கழுவுவதற்கு அடுப்பையே பற்றவைக்கலாம் என்றுதான் எந்த மாமியாருக்கும் தோன்றும். அதனால் ஓவனோடு சேர்த்தே மூடியுள்ள போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடிப் பாத்திரம் மூன்று அளவில் வாங்கிவிடுங்கள். மிச்சமானதை அதிலேயே ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, அதிலேயே சுடவையுங்கள். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியை நேராக 200 டிகிரி கன்வெக்‌ஷனுக்குள் தள்ளாதீர்கள், விரிசல் விடும். விருத்தாசலம் பீங்கான் கோப்பை, கிண்ணம் இருந்தால் மைக்ரோவேவுக்கு நல்லதே, தங்க விளிம்பு மட்டும் இருக்கக் கூடாது. மெலமைன் தட்டு வேண்டாம். பூச்சில்லாத மண்சட்டி தண்ணீர் குடித்திருக்கும், உணவைவிடச் சட்டி முன்னால் சூடாகும். சந்தேகமான பாத்திரத்தைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் (கண்ணாடித் தம்ளர்!) வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பாத்திரம் சுட்டால் அது ஆகாது.

உலோகத்தைப் பற்றி எல்லோருக்கும் குழப்பம். தனிக் கன்வெக்‌ஷனில் அலை ஓடாது, ஆகவே அலுமினிய கேக் டின், பிளாஸ்டிக் பிடியில்லாத எவர்சில்வர் தட்டு எல்லாம் வைக்கலாம். தனி மைக்ரோவேவில் கூடவே கூடாது. காம்பியில் அலையும் ஓடுகிறது, அதனால் கண்ணாடி மட்டும். பெட்டியோடு வந்த கம்பி ஸ்டாண்டு காம்பிக்கென்றே அளவெடுத்துச் செய்தது, அதை வைக்கலாம். வேறு கடையில் வாங்கிய ஸ்டாண்டு வேண்டாம்.

வந்த முதல் நாள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வெப்பம் அளந்து, முழுச் சக்தியில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, கலக்கி மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35ஆல் பெருக்கினால் உங்கள் ஓவன் உண்மையில் தரும் வாட் வரும். 26 டிகிரி ஏறினால் 910. இதையே சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில் செய்து பாருங்கள், வோல்டேஜ் குறைந்திருந்தால் கணக்கும் இறங்கும். சாதாரண ஓவனில் வோல்டேஜ் இறங்கினால் அலையின் பலமும் இறங்கும். மத்தியானம் 5 நிமிடத்தில் வெந்தது ராத்திரி ஏன் வேகவில்லை என்பதற்குப் பதில் அங்கே இருக்கும்.

மீனுக்கு வருவோம். கால் கிலோ, முந்நூறு கிராம் எடையில் இரண்டு சங்கரா. மூன்று மூன்று கீறல், மிளகாய்த் தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை, உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர் விட்டு மசாலா கரைக்காதீர்கள், ஈரம் காய்வதற்கே கிரில்லின் நேரம் போய்விடும். அரை மணி ஊறியதும் மேலே வழிந்திருக்கும் நீரை ஒற்றி எடுத்துவிட்டு உயர ஸ்டாண்டில் வையுங்கள், கீழே எண்ணெய் சொட்ட ஒரு கண்ணாடித் தட்டு. மைக்ரோவேவும் கிரில்லும் சேர்ந்த காம்பியில் 5 நிமிடம், திருப்பிப் போட்டு 4 நிமிடம். முதுகெலும்பு ஓரத்தில் கத்தி முனையை விட்டால் சதை எலும்பை விட்டுப் பிரிய வேண்டும். பிரிந்தால் வெந்தது, இல்லையென்றால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கடைசி 2 நிமிடம் தனி கிரில் போட்டால் கீறல் விளிம்புகள் கருகி வாசனை வரும். தோசைக்கல்லில் வறுத்த மொறுமொறுப்பு வராது, அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். சாறு வற்றாமல் மெத்தென்று வரும், எண்ணெயும் குறைவு, மாமனாருக்கு நல்லது.

வஞ்சிரம் துண்டம் சீக்கிரம் காய்ந்துபோகும். அதை வாழையிலையில் மடியுங்கள். இலையைத் தீயில் வாட்டி, மசாலாவும் சின்ன வெங்காயமும் வைத்து மடித்து வாழைநாரால் கட்டி, தனி மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 6 முதல் 7 நிமிடம். கட்டுக்கம்பி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது. மத்தியைப் பற்றிக் கேட்டால், அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஓவனுக்குள் அந்த வாசனை ஏறினால் அடுத்து வைக்கும் கேக்கும் மத்தி மணக்கும்.

கோழி: நம் கடைகளில் தோலுரித்துத்தான் தருகிறார்கள். தோல் இல்லாத முழுக்கோழியைச் சூடான காற்றில் வைத்தால் நார் நாராகக் காயும். தயிரும் எண்ணெயும் கலந்த மசாலாவைத் தடிப்பாகப் பூசி நாலு மணி நேரமாவது ஊறட்டும், தொடையில் எலும்பு வரை கீறிவிடுங்கள். குட்டை ஸ்டாண்டில், காம்பி 200 டிகிரியில், அலை குறைந்த அளவில் (300 வாட் போல) ஒரு கிலோவுக்கு 30 முதல் 35 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்ப வேண்டும். தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். தனிக் கன்வெக்‌ஷனில் இதே கோழி ஒரு மணி நேரம் கேட்கும். காம்பிக்குக் கொடுத்த காசு இங்கேதான் திரும்பி வருகிறது.

கேக்குக்கு மட்டும் காம்பியைத் தொடாதீர்கள். அலை பட்டால் மாவு மேல்தோல் பிடிக்குமுன் உள்ளே வெந்து ரப்பராகும். தனிக் கன்வெக்‌ஷன், முன்சூடு கட்டாயம். முன்சூடு செய்யும்போது தவறியும் மைக்ரோவேவ் பட்டனை அழுத்திவிடாதீர்கள். காலி ஓவனில் அலை ஓடினால் மேக்னெட்ரானுக்கே ஆபத்து. ஓ.டி.ஜி.க்குச் சொன்ன குறிப்பு என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், விசிறி அந்த வேலையைச் செய்துவிடும். உங்கள் ஊர் விவிகம் கேக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். வெண்ணெயில் ஊறிய ரவை, ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, முட்டை என்று கனமான மாவு. 180இல் வைத்தால் மேலே கறுத்து நடுவில் களியாக நிற்கும். 160இல் குட்டை ஸ்டாண்டின் மேல் வையுங்கள், கண்ணாடித் தட்டில் நேராக வேண்டாம், அடியிலும் காற்று ஓடட்டும். ஏழு அங்குல டின் ஒரு மணி நேரம் போல எடுக்கும். முக்கால் மணியில் மேல்பக்கம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடுங்கள், தனிக் கன்வெக்‌ஷன் என்பதால் பயமில்லை, தாள் விசிறிக்காற்றில் பறக்காதபடி டின் விளிம்பில் மடித்துவிடுங்கள். மின்சாரம் அதிகம் போகுமோ என்று பயப்பட வேண்டாம். ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் எரியும், இந்த ஒரு கேக்குக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டுவது அரிது.

பிரெஞ்சு ரொட்டி வீட்டில் சுடலாமா என்றால், வேண்டாம். பகெத்துக்கு 230, 240 டிகிரியும் அடிச்சூடும் நீராவியும் வேண்டும். இந்த ஓவனில் அடிக்கம்பி கிடையாது, அடிப்பக்கம் வெளிறியே வரும். பேக்கரி பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அந்தப் பாடு எதற்கு? ஆனால் நேற்று வாங்கிக் கட்டையாகிப்போன பகெத்துக்கு இந்த ஓவன் உயிர் கொடுக்கும். மேலே கையால் தண்ணீர் தடவி, முன்சூடு செய்த 180 டிகிரி கன்வெக்‌ஷனில் ஐந்தாறு நிமிடம். எடுத்து அழுத்தினால் நொறுங்கும் சத்தம் கேட்கும். அதையே மைக்ரோவேவில் 30 விநாடி வைத்தால் முதலில் பஞ்சு, ஆறியதும் தோல் செருப்பு. க்ருவாசானுக்கும் இதே விதி, 150 டிகிரி போதும்.

சின்னச் சின்ன உபயோகங்கள்தான் தினமும் கைகொடுக்கும். பழைய இட்லியில் தண்ணீர் தெளித்து ஈரத்துணி மூடி 40 விநாடி வைத்தால் புதுசு போல. பண்ருட்டி முந்திரி நூறு கிராமுக்கு அரைத் தேக்கரண்டி நெய் பிசறி, 40 விநாடிக்கு ஒரு முறை கிளறி இரண்டரை நிமிடம். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று தோன்றும்போதே வெளியே எடுத்துவிடுங்கள், வெளியேயும் அது சிவந்துகொண்டே போகும். பலாக்கொட்டையைத் தோல் கீறாமல் வைத்தால் வெடிக்கும். முழு முட்டையும் அப்படியே. தண்ணீரைத் தனியாக நெடுநேரம் சுடவைத்தால் கொதிக்காதது போல் அமைதியாக இருந்து, காபித்தூள் போட்டதும் பொங்கிக் கையில் தெறிக்கும். உள்ளே ஒரு மரக்குச்சி போட்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. சாதத்தை விளிம்பில் வட்டமாகப் பரப்பி நடுவில் குழி விட்டு வையுங்கள், நடுவில் ஜில்லென்று இருக்காது. தோசை, பூரி, வடை எதையும் மைக்ரோவேவில் சுடவைக்காதீர்கள். வடையை 180 கன்வெக்‌ஷனில் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

கதிர்வீச்சு என்று மாமனார் கேட்டால்: கதவுக் கண்ணாடியில் இருக்கும் துளைத் தகடு அலையை வெளியே விடாது, கதவைத் திறந்த நொடியில் அலை நின்றுவிடும். கதவு கோணிக்கொண்டோ, தாழ் தளர்ந்தோ இருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

பராமரிப்பில் இரண்டே வேலை. ஒன்று, சமைத்து முடிந்து ஆறியதும் எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரை 3 நிமிடம் ஓட்டி, 5 நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, பிறகு கதவைத் திறந்தே வைத்துக் காயவிடுவது. ஈரத்தோடு மூடி வைத்தால் உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு, உள்ளே வலப்பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு துண்டு செருகியிருக்கும், மைக்கா ஷீட். அலை வரும் வழியின் மூடி அது. எண்ணெய் தெறித்துக் கருகினால் அந்த இடத்தில் பொறி பறக்கும், ஓவனே போய்விட்டது என்று பதறுவார்கள். புது ஷீட் மலிவாகக் கிடைக்கும், கத்தரித்து மாட்டிவிடலாம். அதற்குமேல் ஓவனின் மூடியைக் கழற்றி உள்ளே கைவைக்க எந்தப் பக்கத்துவீட்டுத் தம்பியையும் விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் ஆளைச் சாய்க்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.